நிழலில் வைத்த பெட்டி

போன வாரம் அந்தோணி துபாய் தேராவிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். அங்கே ஒரே ரூமில், என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் கிடந்தவன். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. ஜெர்மனிக்கு ஏசி தெரிந்த ஆள் எடுக்கிறார்களாம். ஆனால் அங்கே வேலை ஏசியில் இல்லை, வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்பில்.

"அண்ணே, இத்தன வருசமா மனுசன குளிர வச்சே சம்பாதிச்சவன் நான். இப்ப சூடு பண்ணுங்கான். இன்டர்வியூவுல கேட்டா எங்க போவேன்? நீங்கதான தபூக் குளிர்ல கெடந்தீங்க, ரெண்டு வார்த்த சொல்லுங்க. ரெண்டே வார்த்தண்ணே, நீங்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்க."

நான் பேசி அனுப்பினேன். அனுப்பியதும், காஸ் ஓடும் திசையை மாற்றிச் சொல்லிவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. அழித்தேன். மறுபடி பேசினேன். அதில் எங்கள் ஊர்க் கடல் இரைச்சல் அதிகமாகக் கேட்டது. அதையும் அழித்தேன். கடைசியில் அவனே கூப்பிட்டான்.

"என்னண்ணே, அழிச்ச மெசேஜா வந்து குமியுது? இதான் ஹீட் பம்பா?"

அதனால்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத்து இது. எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். விஷயத்தில் தப்பு வந்துவிடக் கூடாதே என்றுதான் எனக்குப் பயம்.

முதலில் அவன் கேட்ட இரண்டு வார்த்தை. ஏசி வீட்டுக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. ஹீட் பம்ப் வெளியே இருக்கும் சூட்டை அள்ளி உள்ளே கொட்டுகிறது. பல வீடுகளில் இரண்டுக்கும் ஒரே பெட்டிதான். உள்ளே ஒரு வால்வு திரும்பினால் வேலை தலைகீழாகிவிடும்.

வெளியே பல் கிட்டும் குளிரில் ஏது சூடு என்று கேட்பார்கள். நானும் கேட்டேன். இருக்கிறது. நம் உடம்புக்கு அது சூடாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தக் காற்றைவிடக் குளிர்ந்த காஸை வெளிப்பெட்டியின் குழாய்களில் ஓடவிட்டால், காற்றில் இருக்கும் சூடு தானாக அதற்குள் இறங்கும். பிறகு கம்ப்ரஸர் அந்தக் காஸை அழுத்தினால் கை வைக்க முடியாத சூடு வந்துவிடும். அதை வீட்டுக்குள் கொண்டுபோய் ஊதவேண்டியதுதான். கம்பி பழுக்கிற ஹீட்டர் கரண்டைத் தின்று சூடு தருகிறது. ஹீட் பம்ப் கரண்டிடம் வாங்குவது சுமைகூலி மட்டும். சுமை ஏற்கனவே வெளியில் கிடக்கிறது. அதனால்தான் கரண்டு குறைவாக இழுக்கிறது.

இது எனக்குப் புரிய நெடுநாள் ஆனது. நான் தொழில் படித்தது தேராவில், மசாலாக் கடைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில். அங்கே ஃபோர்மேன் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், ஸ்பேனர் பிடிப்பதற்கும் முந்தியது: "நெழலு பாருடே, நெழலு." வெளிப்பெட்டியை வெயிலில் வைத்தால் வளைகுடாக் கோடையில் அது வெந்துபோகும். அழுத்தம் ஏறும், டிரிப் ஆகும், கம்ப்ரஸர் போகும். ஆகவே எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் எங்கள் கண் தானாக நிழலைத் தேடும். வடக்குச் சுவர் எங்கே, சந்து எங்கே, மாடிப்படிக்குக் கீழே இடம் உண்டா என்று பார்ப்போம். நிழல் இல்லாவிட்டால் தகரம் அடித்தாவது உண்டாக்குவோம். ரோட்டில் சும்மா நடக்கும்போதுகூட, வெயிலில் நிற்கும் பெட்டியைக் கண்டால் எங்களுக்கு வயிறு எரியும்.

என் சுபாவத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்தோணி சொல்லிவிடுவான். வேலையை முடித்து வந்த பிறகு, போல்ட்டை முறுக்கினோமா என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். பர்துபாய் பக்கம் ஒரு கடையில் பெட்டி மாட்டிவிட்டு, அப்ராப் படகில் ஏறித் தேராக் கரைக்கு வந்து இறங்கி, அடுத்த அப்ராவிலேயே திரும்பிப் போயிருக்கிறேன். போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. ரூமில் எனக்கு 'ரிட்டன்' என்று பெயர் வைத்தார்கள். "ரிட்டன் அண்ணன் ஊருக்குப் போனாலும் ஏர்போர்ட்ல இறங்கி, இந்த ரூமு லைட்ட அணைச்சமான்னு திரும்பி வருவாரு" என்பான் அந்தோணி.

பிறகு சவூதியில் யான்பு. கடலோர ஊர். அங்கே குளிர்காலம் என்பது பெட்டியில் கிடக்கும் ஸ்வெட்டரை எடுத்துப் போட ஒரு சாக்கு. அங்கிருந்து கம்பெனி என்னைத் தபூக்குக்கு அனுப்பியது. வடக்கே, மேட்டு நிலம். வளைகுடா என்றால் வெயில் என்று நினைப்பவர்கள் தபூக்கில் ஒரு தை மாதம் இருந்து பார்க்க வேண்டும். விடியற்காலையில் வண்டிக் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டி எடுத்துத்தான் டியூட்டிக்குக் கிளம்புவோம்.

அங்கே ஃபோர்மேன் சிவனேசன் அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர். உயரமான, மெலிந்த மனிதர். வேலைக்குப் போகும் வீட்டில் முதலில் அவர் மெஷின் பக்கமே போகமாட்டார். வாசலில் ஷூவைக் கழற்றுவார். சாக்ஸையும் கழற்றி, மடித்து ஷூவுக்குள் வைப்பார். வெறுங்காலோடு ஒவ்வொரு அறையாக மெல்ல நடப்பார். பிறகு உள்பெட்டிக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்காரர்கள், இந்த ஆள் கோயிலுக்கு வந்தவனா, ஏசிக்கு வந்தவனா என்று பார்ப்பார்கள்.

முதல் நாள் நான் நேராக வெளிப்பெட்டிக்குப் போய்க் காஸ் மீட்டரை மாட்டப் போனேன். உள்ளே இருந்தபடியே கூப்பிட்டார்.

"ராயப்பன், இஞ்ச வாரும். உமக்கு அந்த மெசினோட என்ன கோவம்?"

"இல்லண்ணே, பிரஷர் பாப்பமேன்னு..."

"பாக்கலாம், ஓடிப் போகாது. முதல் வீட்டைக் கேளும். காஸ் அடிக்கிறதெண்டால் எந்த விசரனும் அடிப்பான். சப்பாத்தைக் கழட்டும்."

கழற்றினேன். தரை சில்லென்று ஏறியது.

"என்ன சொல்லுது கால்?"

"குளிருதுண்ணே."

"தலை?"

தலைப்பக்கம் கதகதப்பாக இருந்தது. சூடான காற்று மேலே போய்க் கூரையில் தங்கிவிட்டது. உள்பெட்டியில் காற்றைத் திருப்பும் தகடுகள் மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஏசிக்கு அது சரி, குளிர் தானாக இறங்கும். சூட்டைக் கீழே தள்ள வேண்டும். ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தித் தகடுகளைத் தரைப்பக்கம் திருப்பிவிட்டார். அன்றைய வேலை அவ்வளவுதான்.

அன்று மீட்டரை மாட்டாதது இன்னொரு விதத்திலும் நல்லதாயிற்று. ஹீட்டிங் ஓடும்போது, நாம் வழக்கமாகக் குறைந்த அழுத்தம் பார்க்க நீல மீட்டர் மாட்டுகிற பெரிய குழாயில்தான் உயர் அழுத்தம் இருக்கும். ஏசிப் பழக்கத்தில் மாட்டினால் முள் போய் முட்டிக்கொள்ளும். பழைய ஹோஸாக இருந்தால் கையிலேயே வெடிக்கும். அந்தோணி, இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்.

இனி ஸ்டெல்லா வீட்டு விஷயம்.

ஒரு மருத்துவமனை ஊழியர்களின் வீடுகளில் ஏசி பார்க்கும் ஒப்பந்தம் எங்கள் கம்பெனியிடம் இருந்தது. ஸ்டெல்லா அங்கே நர்ஸ், குளச்சல் பக்கம். கணவன் ஜெகன் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். அபூ நாசர் என்ற சவூதிப் பெரியவரின் வீட்டு வளாகத்துக்குள், பின்கட்டில் இருந்த சிறிய வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து, மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, அந்த வாரம்தான் வீட்டுக்கு வந்திருந்தது. மழையும் மூடுபனியுமான வாரம். ஹீட்டிங் வேலை செய்யவில்லை என்று புகார்.

நாங்கள் போனபோது ஹாலின் நடுவில் கால் வைத்த இரும்புச் சட்டி ஒன்று இருந்தது. அரபிகள் கரி போட்டுக் குளிர்காயும் கணப்புச் சட்டி. பக்கத்தில் ஒரு சாக்குக் கரி. பற்றவைத்திருக்கவில்லை. கட்டிலில் ஸ்டெல்லா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சால்வைக்குள் நெஞ்சோடு நெஞ்சாகக் குழந்தை. ஒரு சின்னக் குல்லா மட்டும் வெளியே தெரிந்தது.

"ஆஸ்பத்திரில வார்மர்ல கெடந்த பிள்ள அண்ணே. இங்க வார்மரு நான்தான்" என்றாள். "எழும்பிப் பாத்ரூம் போகணும்னாலும் இவரு வந்து சட்டைய அவுத்துட்டுப் பிள்ளைய நெஞ்சுல வாங்கணும்."

"கரி இருக்குன்னு சொல்லுதேன், கேக்க மாட்டேங்கா" என்றான் ஜெகன். "அபூ நாசர் பாவம், தூக்கிட்டு வந்து குடுத்திருக்காரு. அவுங்க பிள்ளையள எல்லாம் இதுலதான வளத்தாங்க?"

"அவுங்க கூடாரத்துல வளத்தாங்க. இது அடைச்ச வீடு. கரில வார விஷக் காத்துக்கு வாடையும் வராது, ஒண்ணும் வராது. தூங்குன ஆளு எழும்பாது. வார்டுல பாத்திருக்கேன்."

"லேசா கதவத் தொறந்து வச்சா?"

"தொறந்தா குளிரு, அடைச்சா பொக. நீரு கரி பத்த வச்ச அன்னைக்கு நான் பிள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரி வராந்தால போய் உக்காந்துக்கிடுவேன்."

கரண்டு ஹீட்டர் போட்டால் என்ன என்று கேட்டேன். போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பழைய வயரிங். கொஞ்ச நேரத்தில் பிரேக்கர் விழுந்து வீடே இருட்டிவிடுகிறது. ஆக, அந்தச் சின்னக் குல்லாவுக்கும் கரிச் சாக்குக்கும் நடுவில் இருந்தது எங்கள் பெட்டி ஒன்றுதான்.

சிவனேசன் அண்ணன் வழக்கம்போல் வெறுங்காலோடு நடந்தார், உட்கார்ந்தார். உள்பெட்டி வெதுவெதுப்பாக ஊதியது. திடீரென்று ஊதுவது நின்றது.

"பாத்தீங்களா, நின்னுட்டு" என்றாள் ஸ்டெல்லா. "இப்படித்தான் அண்ணே, மூச்சு வாங்குத கெழவி மாதிரி. கொஞ்சம் ஊதும், நிக்கும்."

ஜெகன் பின்பக்கக் கதவைத் திறந்தான். "வெளிய வந்து பாருங்க, பெட்டில பொக வருது."

அது புகை இல்லை, நீராவி. குளிரில் ஓடும்போது வெளிப்பெட்டியின் குழாய்களில் காற்றின் ஈரம் பனியாக உறையும். அந்தப் பனியைக் கரைக்க, பெட்டி கொஞ்ச நேரம் தானே தலைகீழாக ஓடும். அப்போது உள்ளே ஊதுவது நிற்கும், வெளியே ஆவி எழும், அடியில் தண்ணீர் கொட்டும். இது கோளாறு இல்லை, இயல்பு. ஆனால் எப்போதாவது நடக்க வேண்டியது. இங்கே அறை சூடேறத் தொடங்குவதற்குள் மறுபடி மறுபடி நடந்தது.

எங்களுக்கு முன்னால் வேறு ஆட்கள் வந்து இரண்டு முறை காஸ் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஏசித் தொழிலில் குழாயில் ஐஸ் கண்டால் காஸ் குறைவு என்பது எங்களுக்கு ஜெபம் மாதிரி மனப்பாடம். கைக்கு வருவது சிலிண்டர்தான். அளவுக்கு மேல் காஸ் ஏறியிருந்தது. எல்லாவற்றையும் இறக்கி, பெட்டியின் தகட்டில் எழுதியிருந்த எடைக்குத் தராசு வைத்துப் புதிதாக ஏற்றினோம். மதியம் வரை நன்றாக ஓடியது. கிளம்பினோம்.

வண்டியில் நான் வாயை மூடவில்லை. "அண்ணே, சாயங்காலம் குளிர் கூடுமே. திரும்பி ஒருக்கா பாத்துட்டுப் போவமா?"

"நீர் வீட்டுக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தால் நாங்கள் முகாமுக்கு எப்ப போறது?" என்றார். ஆனால் முகத்தில் அவருக்கும் தெளிவில்லை.

காலையில் ஜெகனே போன் செய்தான். "அண்ணாச்சி, பழைய கததான். விடிய விடிய நின்னு நின்னு ஓடுச்சு. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி நெஞ்சுல போட்டுக்கிட்டோம். பிள்ள கால் ஐஸா கெடக்கு. இன்னைக்கு நீங்க சரி பண்ணலன்னா நான் கரி பத்த வைக்கத்தான் போறேன். அவ என்ன சொன்னாலும் சரி."

போனோம். பெட்டி இருந்த இடத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கும் வளாகத்தின் சுற்றுச்சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. ஒரு ஆள் நடக்கலாம். சுவர் இரண்டு ஆள் உயரம். மேலே அபூ நாசர் தன் கையால் தகரம் அடித்திருந்தார். வெயில் எட்டிப் பார்க்காத நிழல். முதல் நாள் அதைப் பார்த்ததும், 'அடடா, என்ன அருமையான இடம்' என்றுதான் நினைத்தேன். தேரா ஃபோர்மேன் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். இன்று பெட்டியின் அடித்தட்டில் ஐஸ் கட்டியிருந்தது. காற்றாடி சுற்றும்போது அதில் உரசிக் கரகரவென்றது.

சென்ஸரைச் சோதித்தோம். நல்லது. போர்டு நல்லது. வால்வு திரும்புகிறது. கம்ப்ரஸர் நல்லது. எல்லாம் நல்லது என்று வருவதைப் போல ஒரு டெக்னீஷியனுக்குக் கெட்ட செய்தி கிடையாது. சிவனேசன் அண்ணன் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எதுக்கும் புது போர்டு ஒண்டு ஜித்தாவில இருந்து எடுப்பிக்கலாம். ஆனால் நாள் எடுக்கும்" என்றார் மெதுவாக.

ஜெகன் கரிச் சாக்கின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினான். ஸ்டெல்லா அவனைப் பார்த்தாள். சண்டை போடவும் அவளிடம் தெம்பு இல்லை. வேறு எதற்கோ எரிந்து விழுவதுபோல அவனிடம் சொன்னாள்:

"அதக் கெட்டும் முதல்ல. அந்தச் சந்துல போட்ட பிள்ளத் துணிய எடுத்துட்டு வாரும். ரெண்டு நாளாக் காயல. காத்தாடி முன்னால போட்டா சட்டுனு காயும்னு போட்டேன், கருவாடு கணக்கா வெறச்சுக் கெடக்கு."

சிவனேசன் அண்ணன் தலையைத் தூக்கினார். "என்ன தங்கச்சி, என்ன சொன்னீங்கள்?"

"துணி அண்ணே. காயல. வெறச்சுப் போச்சு."

"காத்தாடிக்கு முன்னால?"

நான் கடற்கரையில் பிறந்தவன். மீன் காய்கிற இடம் எனக்குத் தெரியும். "கருவாட்டச் சந்துக்குள்ள போட்டா காயாதுல்லண்ணே" என்று வாய் தானாகச் சொன்னது. "வெயிலும் காத்தும் வேணும். வெட்ட வெளில போடணும்."

அவர் எழுந்து சந்துக்குப் போனார். நானும் போனேன். பெட்டியின் காற்றாடி ஊதிய காற்று எதிர்ச்சுவரில் மோதி, தகரத்துக்கு மேலே போக வழியில்லாமல், சுற்றிக்கொண்டு பெட்டியின் முதுகுக்கே திரும்பி வந்தது. அந்தக் காற்றில் இருந்த சூட்டைப் பெட்டி ஏற்கனவே எடுத்துவிட்டது. மிச்சம் இருப்பது சக்கைக் குளிர். அதையே மறுபடி இழுக்கிறது, இன்னும் குளிராக்குகிறது. கரைந்த தண்ணீர் கீழேயே தேங்கி, அந்த ஈரமும் பெட்டியில்தான் போய் உறைகிறது. வெளியே முற்றத்தில் அன்று மேகம் விலகி நல்ல வெயில். சந்துக்குள் வேறு ஊர்.

"தான் விட்ட மூச்சைத் தானே இழுக்குது" என்றார் சிவனேசன் அண்ணன். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நானும் நேற்று உதுக்குள்ள நிண்டனான். நல்ல நிழல் எண்டு நினைச்சனான், ராயப்பன்."

நானும் அதைத்தானே நினைத்தேன். கண் எதிரே இருந்தும் எங்கள் இருவருக்கும் தெரியாமல் போனது. வருஷக்கணக்காக நிழலை நல்லது என்று பார்த்துப் பழகிய கண். கோடைக்குப் படித்த பாடத்தைக் குளிர்காலத்திலும் ஒப்பித்துக்கொண்டிருந்தோம்.

பெட்டியை மொட்டை மாடிக்கு ஏற்ற வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். அபூ நாசர் வந்தார். ஆட்டுத்தோல் வைத்த கனத்த அங்கி, கையில் ஜபமாலை. விஷயத்தைச் சொன்னதும் கையை விரித்தார்.

"ஷம்ஸ்? மாஃபி, மாஃபி! ஹினா ஸெய்ன்!" வெயிலில் கூடவே கூடாது, இங்கேதான் நல்லது என்றார். தகரத்தைத் தட்டிக் காட்டினார். தானே ஏணி வைத்து ஏறி அடித்தது. கோடையில் மாடியில் பெட்டி வெந்தால் யார் பொறுப்பு? அவர் கேட்டது நியாயம். நானே மனதுக்குள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சிவனேசன் அண்ணன் வாதாடவில்லை. ஜெகனிடம், "தம்பி, இரண்டு கதிரை எடுத்துக்கொண்டு வாரும். பெரியவரோட இஞ்ச இருந்து ஒரு தேத்தண்ணி குடிப்பம்" என்றார்.

சந்துக்குள் நாற்காலிகள் வந்தன. கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு பானம் கொடுத்தால் அந்த ஊரில் மறுக்க மாட்டார்கள். அபூ நாசர் உட்கார்ந்தார். காற்றாடி அவர் முழங்காலுக்கு நேராக ஊதியது. ஊர், மழை, பிள்ளைகள் என்று தனக்குத் தெரிந்த அரபியில் சிவனேசன் அண்ணன் நிதானமாக விசாரித்தார். பெரியவர் முதலில் அங்கியை இழுத்து மூடினார். பிறகு கால்களை உள்ளே மடக்கினார். பிறகு மூக்கைத் துடைத்தார். டீ பாதிகூடக் குடிக்கவில்லை, எழுந்துவிட்டார்.

"யா சிவா," என்றார், "விருந்தாளியைக் குளிர்காலத்தில் இப்படி ஒரு இடத்திலா உட்காரவைப்பது?"

"நாங்கள் பெட்டியை இங்கேதான் உட்காரவைத்திருக்கிறோம்" என்றார் சிவனேசன் அண்ணன்.

அபூ நாசர் பெட்டியைப் பார்த்தார். தகரத்தைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "யல்லா, ஃபோக்!" மேலே கொண்டுபோ!

ஆனால் கோடைக்கு ஒரு வழி சொன்னால்தான் விடுவேன் என்றார். வழியும் அவரே சொன்னார். அந்தத் தகரத்தையே கழற்றி, மாடியில் பெட்டிக்கு மேலே உயரமாக, நான்கு பக்கமும் திறந்த பந்தலாகப் போடுவது. கோடையில் தகரம் இருக்கும். குளிர் வருமுன் எடுத்துவிட வேண்டும். கூடாரத்தில் வளர்ந்த மனிதர். வீடு என்பது பருவத்துக்குப் பருவம் திறந்து மூட வேண்டிய பொருள் என்பது அவருக்கு எங்களைவிட இயல்பாகத் தெரிந்திருந்தது.

காஸைப் பெட்டிக்குள் இறக்கிப் பூட்டி, குழாயை அறுத்து, ஜெகன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பெட்டியை ஏணியில் ஏற்றினோம். "ஃபோர்க்லிஃப்ட்காரனயே ஃபோர்க்லிஃப்ட் ஆக்கிட்டீங்களே அண்ணாச்சி" என்று முனகினான். ஐஸ் தட்டாதபடி அடியில் கால் உயர்த்தி, தண்ணீர் ஓடிப்போக வாட்டம் வைத்து, முகத்தைத் தெற்கே வெட்டவெளிக்குத் திருப்பினோம். புதுக் குழாய் பற்றவைத்து, காற்றை உறிஞ்சி, கசிவு பார்த்து முடிப்பதற்குள் வெயில் இறங்கிவிட்டது. உள்ளே அதுவரை ஹீட்டிங் இல்லை. ஸ்டெல்லா அசையாமல் சால்வைக்குள் கிடந்தாள். கரிச் சாக்கு கட்டு அவிழ்ந்தபடியே இருந்தது.

போட்டோம். ஊதியது. எல்லோரும் அறைக்குள் நின்றோம். சிவனேசன் அண்ணன் சாக்ஸைக் கழற்றினார். நானும் கழற்றினேன். ஜெகனும் எதற்கென்று தெரியாமலேயே கழற்றினான். நேரம் போனது. இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று நான் தகடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. இருட்டிய பிறகு ஒரு முறை நின்றது.

"நின்னுட்டு" என்றான் ஜெகன். கை தானாகச் சாக்குப் பக்கம் போனது.

"இரும் தம்பி. அது பனியைக் கரைக்குது. வரும்."

நான் ஜெபம் சொன்னேன். பாதி ஜெபத்தில் எந்தப் புனிதர் என்று குழம்பி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மாடியில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. பிறகு தகடுகள் மெல்ல அசைந்தன. சூடு வந்தது. என் கால்விரலில் முதலில் தெரிந்தது.

நான் தெர்மாமீட்டரை எடுத்து நீட்டினேன். சிவனேசன் அண்ணன் அதை வாங்கவில்லை.

"தங்கச்சி, உந்த மீட்டர் கிடக்கட்டும், பிள்ளையின்ர காலைத் தொட்டுப் பாருங்கோ."

ஸ்டெல்லா சால்வைக்குள் கை விட்டு, குழந்தையின் சாக்ஸைக் கழற்றினாள். என் பெருவிரல் அளவு பாதம். உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்தாள். நர்ஸ் அல்லவா, அவசரப்படவில்லை. மற்றக் காலையும் பிடித்தாள். பிறகு ஜெகனிடம் சொன்னாள்: "அந்தச் சட்டியக் கொண்டு வெளிய வையும்."

அவன் தூக்கிக்கொண்டு போனான். அடுத்த வெள்ளிக்கிழமை முற்றத்தில் அதே சட்டியில் மீன் சுட்டு எங்களுக்குச் சோறு போட்டான். மீன் கருகிப்போயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

அன்று இரவு ரூமுக்கு வந்து, நான் திரும்பிப் போகவில்லை. சிவனேசன் அண்ணனே கேட்டார்: "என்ன ராயப்பன், சுகமில்லையோ?" போல்ட்டைப் பற்றி எனக்குக் கவலை வரவில்லை. வேறு கவலை வந்துவிட்டது. கோடையில் போடும் தகரத்தை, அடுத்த குளிருக்கு முன்னால் எடுக்க யாராவது மறந்துவிட்டால்?

அந்தக் கவலையோடுதான் பணி முடித்து ஊருக்கு வந்தேன். இங்கே ஐப்பசி மழை தொடங்கிக் கடல் கறுத்ததும் ஜெகனுக்குப் போன் போடுவேன். "தகரத்த எடுத்தாச்சா?" "எடுத்தாச்சு அண்ணாச்சி." வருஷா வருஷம் இதே பேச்சு. அபூ நாசர் இப்போது இல்லை. அவர் மகன் நாசர்தான் ஏணியைப் பிடிக்கிறானாம்.

அந்தோணி, இன்டர்வியூவில் நீ இதையெல்லாம் சொல்லவேண்டாம். பெட்டி வைக்கிற இடத்தைக் காட்டினால் மட்டும், நம் தேராக் கண்ணை மூடிக்கொண்டு வேறு கண்ணால் பார். காற்று எங்கிருந்து வருகிறது, விட்ட காற்று எங்கே போகிறது என்று கேள். உள்ளே போய்ச் சாக்ஸைக் கழற்று. ஜெர்மன்காரன் சிரித்தால் சிரிக்கட்டும்.

இந்த வருஷம் நான் போன் போட்டபோது ஜெகன் டியூட்டியில் இருந்தான். எடுத்தது அந்தப் பிள்ளை, ஜெனி. பள்ளிக்கூடம் போகிறாள். தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசுகிறாள்.

"அங்கிள், ஷீட் ரிமூவ் பண்ணியாச்சு. நீங்க கேப்பீங்கன்னு டாடி சொன்னாங்க. பட் இன்னைக்கு சன் இல்ல, ஃபுல்லா கிளௌடி. பாக்ஸுக்குக் குளிருமா?"

"பெட்டிக்குக் குளிரட்டும் மக்களே. அது குளிருக்குள்ள இருந்துதான் சூடு எடுக்கும். உனக்குக் குளிருதா?"

போன் எதிலோ உரசும் சத்தம் கேட்டது. காலைப் பார்க்கிறாள் போல.

"நான் சாக்ஸே போடல அங்கிள்."